முதுமையும் முற்றிய நோயும்

“எழுபதைக் கடந்தவர், நோயும் முற்றிவிட்டது, இனி மருந்து எதற்கு?” முதியவர் ஒருவருக்கு நுரையீரற் புற்றுநோய் கண்டிருப்பதாக அறிந்ததும் வீட்டார் இவ்வாறு கேட்பதுண்டு. அக்கேள்விக்கு மருத்துவ ஆராய்ச்சி தரும் விடையை மாணவ நேயர்களுக்குச் சுருங்கக் கூற விரும்புகிறேன்.

முற்றிய நோய் என்பது, நுரையீரலைக் கடந்து எலும்பு, மூளை, கல்லீரல் முதலிய உறுப்புகளிற் பரவிய நோயாகும். அதனை அடியோடு நீக்குதல் பெரும்பாலும் இயல்வதன்று. ஆயின் வாழ்நாளை நீட்டவும், துன்பத்தைத் தணிக்கவும் இயலும். அந்நீட்சியை ஆண்டுக் கணக்கு ஒன்றே வரையறுப்பதில்லை. நோயாளி தாமே நடமாடுகின்றாரா, பகற்பொழுதிற் பாதிக்குமேல் படுக்கையிற் கிடக்கின்றாரா என்பதையே மருத்துவர் முதலில் நோக்குவர். உடல் எடை எவ்வளவு குறைந்தது, இதயமும் சிறுநீரகமும் செவ்வனே இயங்குகின்றனவா, புற்றணுக்களின் மரபணுவில் மருந்துக்கு இணங்கும் மாற்றம் உண்டா என்பனவற்றையும் ஆராய்வர்.

பிரான்சு நாட்டில், சிற்றணு வகையைச் சேராத நுரையீரற் புற்றுநோய் முற்றிய 451 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் 70 முதல் 89 வயதினர், படுக்கையோடு படுக்கையாகிவிடாதவர். 2011-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. ஒரு மருந்து பெற்றோரிற் பாதிப்பேர் 6.2 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றோரிலோ பாதிப்பேர் 10.3 மாதங்களைக் கடந்தனர். எனினும் இரு மருந்து பெற்றோரிடையே இரத்த வெள்ளணுக்கள் குறைதல் முதலிய தீங்குகளும் மிகுந்தன. ஆகவே தாங்கும் வலிமை உடையார் யார் எனத் தேர்ந்தறிதல் இன்றியமையாதது.

மருந்து மட்டுமே துணையன்று. பாஸ்டன் நகரில், நோய் பரவிய நிலையில் இருந்த 151 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. வலி, மூச்சுத் திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையைத் தொடக்கத்திலிருந்தே பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு அது 8.9 மாதங்கள். இவ்வாய்வு முதியோருக்கு மட்டும் உரியதன்று; ஆயினும் துன்பம் தணித்தலைக் கடைசி நாளுக்கென ஒத்திவைத்தல் தகாது என்பதை அது நன்கு உணர்த்துகின்றது.

நான்கு மாதம் சிறிதன்றோ எனச் சிலர் எண்ணலாம். பேரன் பேத்தியரோடு கழியும் நான்கு மாதத்தின் மதிப்பை அம்முதியவரே அறிவார். எனவே, வயதைச் சொல்லி மருத்துவத்தை மறுப்பதற்கு முன்னர், அவர்தம் உடல்நிலையை மருத்துவரிடமும், அவர்தம் விருப்பத்தை அவரிடமும் கேட்டறிவதே முறையாகும்.