சேறு மறவாது

கிரானில் மாரி வெள்ளம் வடிந்ததும், முந்தனை ஆறு வயல்களில் விட்டுச்சென்ற வண்டலைக் கண்டு உழவர் மகிழ்வர். வண்டல் நிலத்திற்கு உரம் அன்றோ? யப்பானில் ஜின்சு ஆற்றங்கரை உழவரும் அவ்வாறே தம் ஆற்றை நம்பியிருந்தனர்.

அவ்வாற்றின் மேற்பகுதியில் கமியோக்கா என்னும் சுரங்கம் இருந்தது. அங்கே தோண்டிய துத்தநாகத் தாதுவில் கட்மியம் என்ற நச்சு உலோகமும் கலந்திருந்தது. கழிவோடு ஆற்றில் இறங்கிய கட்மியம், நீர் தெளிந்த பின்னும் அகலவில்லை. நுண்ணிய சேற்றைப் பற்றிக்கொண்டு, வாய்க்கால் வழியே வயலில் படிந்தது. வேர்வழி நெல்லில் ஏறிச் சோற்றில் கலந்தது. உண்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன, எலும்புகள் வலுவிழந்தன. இருமினாலும் எலும்பு முறியும் நிலை சிலருக்கு நேர்ந்தது. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரே மிகுதியும் வருந்தினர். 'நோகிறதே, நோகிறதே' என்று பொருள்படும் அவர்களின் 'இத்தாய், இத்தாய்' என்ற அரற்றலே நோயின் பெயராயிற்று.

கட்மியமே காரணமென மருத்துவர் ஹகினோ நோபோரு 1961இல் எடுத்துரைத்தார். அரசு அதனை 1968இல் ஏற்றது. 1972இல் மேல்நீதிமன்றமும் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும், வயல்களின் நச்சு மண்ணை அகற்றியும் புதைத்தும் நன்மண் பரப்பும் பணி 2012இலேதான் நிறைவுற்றது.

நீர் ஓடிவிடும், சேறு மறவாது. ஆதலின், ஆற்றின் தலைமாட்டில் சுரங்கம் தோண்டப்படுமாயின், தெளிந்த நீரைச் சோதித்ததோடு அமைதியுறல் ஆகாது. அடிச்சேற்றையும் சோதித்தல் வேண்டும். ஆற்றில் விட்டது ஒருநாள் நம் சோற்றுக்கலத்தில் வந்து நிற்கும்.