திமிரியில் ஒரு சட்டத் தொழில்நுட்ப நிறுவனம்: தேவையும் தடையும்

மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் செலவிட 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதையொட்டி வளரும் சட்டத் தொழில்நுட்பத் தொழில் பெருநகரங்களுக்கே உரியதென்று பலரும் கருதுகின்றனர். ராணிப்பேட்டை மாவட்டத்துத் திமிரி போன்ற சிற்றூர்களின் தலித் சட்டப் பட்டதாரிகளுக்கும் அதில் இடமுண்டு என்கிறோம். ஏனெனில் தேவை இங்கேதான் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ(3) பிரிவு, பிணை உள்ளிட்ட ஒவ்வொரு நீதிமன்ற நடவடிக்கை குறித்தும் உரிய நேரத்தில் அறிவிப்புப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கிறது. அது கட்டாயமானது என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் தொழிற்சாலையில் நாள் முழுவதும் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அறிவிப்பு வந்து சேரவில்லையென்றால், எதிரி பிணையில் ஊர் திரும்பிய பின்னரே செய்தி தெரியும்.

வழக்கு நிலவரம் மின்-நீதிமன்றத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பிணை மனுவுக்குத் தனி எண் உண்டு. மூல வழக்கின் எண்ணை மட்டும் பார்த்திருப்பவருக்கு அது தென்படாது. முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொண்டு அன்றாடம் தேடி, தமிழில் குரல் அழைப்பாகத் தெரிவிக்கும் எளிய மென்பொருளே முதல் தேவை. இச்சேவைக்குப் பாதிக்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. மின்-தாக்கல், ஆவண வருடல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு வழக்கறிஞர்களும் தொழிற்சங்கங்களும் செலுத்தும் மாதக் கட்டணமே வருவாயாக வேண்டும்.

தடை எங்கே? இந்திய பார் கவுன்சில் விதி 47, தொழில் செய்யும் வழக்கறிஞர் நேரடியாக வணிகம் நடத்துவதைத் தடுக்கிறது. மாநில பார் கவுன்சில் தகுதிக் குறைவெனக் கருதாத வணிகத்தில், நிர்வாகத்தில் ஈடுபடாத பங்குதாரராக மட்டும் இருக்கலாம். வசதி படைத்தவர் சில ஆண்டுகள் வழக்காடுவதை நிறுத்திவைத்து நிறுவனம் தொடங்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வழக்காடுபவர் பங்குதாரராகவும், பதிவு செய்யாத சட்டப் பட்டதாரியோ கணினி படித்தவரோ நிர்வாகியாகவும் அமைவதே பாதுகாப்பான வழி. கட்சிக்காரர்களைப் பிடித்துத் தரும் தரகுத் தளமாக அது மாறிவிடவும் கூடாது. இணையத்தில் வழக்கறிஞர் சேவையை விற்கும் தளங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு பிறப்பித்துள்ளது.

முதலீட்டுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் உண்டு: 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம். கடனைவிடப் பெரிய பொறுப்பு தரவுப் பாதுகாப்பு. ஒரு சாட்சியின் கைப்பேசி எண் கசிந்தால், மறுநாளே மிரட்டல் அவர் வாசலுக்கு வரும்.

அறிவிக்கும் கடமை அரசுக்கும் சிறப்பு அரசு வழக்கறிஞருக்கும் உரியது. எந்த நிறுவனமும் அதைத் தன் தோளில் ஏற்று அவர்களை விடுவித்துவிடக் கூடாது. எந்தெந்த வழக்கில் அறிவிப்பு வரவில்லை என்ற பதிவேட்டை அந்த மென்பொருள் பராமரிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் வைக்கத்தக்க ஆதாரம் இன்று நம் கையில் சிதறிய தாள்களாகவே இருக்கிறது.