லான்சர் எஞ்சினின் ரப்பர் குழாய்கள்

மிட்சுபிஷி லான்சர், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இந்தக் கார் 1998 முதல் திருவள்ளூரில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானது.

எரியறை வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் அறைக்குள் கசியும். பழங்காலக் கார்கள் இந்தப் புகையை நேரே சாலையில் விட்டன. இங்கே சிலிண்டர் தலையின் மேல்மூடியில் உள்ள பிசிவி வால்வும் அதன் குழாயும் புகையை இன்டேக் மேனிஃபோல்டுக்கு இழுத்து மறுபடி எரிக்கின்றன. ஏர் ஃபில்டர் பக்கமிருந்து வரும் மற்றொரு குழாய் சுத்தமான காற்றைத் தருகிறது.

வால்வு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் கசியும். ஆயில் சீல்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்தச் சின்ன வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்கலாம். கடகடவென்று சத்தம் வர வேண்டும்.

இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் தடித்த குழாய் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. அதிலுள்ள ஒருவழி வால்வு வெற்றிடத்தைத் தேக்கி வைப்பதால், எஞ்சின் நின்ற பிறகும் ஓரிரு முறை பிரேக் இலகுவாக அழுந்தும். டீசல் லான்சரில் மேனிஃபோல்டு வெற்றிடம் போதாது. அதற்குத் தனி பம்ப் உண்டு.

மேனிஃபோல்டோடு இணைந்த எந்தக் குழாய் வெடித்தாலும் ஐட்லிங் தடுமாறும். உஸ்ஸென்ற ஓசையும் கேட்கலாம்.