கொக்கி ஊசியும் முதல் மாவிலையும்

முனையில் சிறு கொக்கி உடைய ஒற்றை ஊசியால் நூலை வளையமாக இழுத்து, அந்த வளையத்தின் வழியே அடுத்த வளையத்தை இழுத்து, இவ்வாறே வரிசை வரிசையாக வளர்த்துச் செல்லும் கைவேலை குரோஷா எனப்படுகிறது. சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழில் கொக்கிப் பின்னல் என்றும் சொல்வதுண்டு. இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே நிற்பதால், ஒன்று நழுவினால் அது கீழ்வரிசைகள் வரை அவிழ்ந்து இறங்கிவிடும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கிறது என்பதால், தவறு நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, அங்கிருந்தே மீண்டும் தொடரலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட இணக்கமான பின்னல்வேலை வேறில்லை.

அப்படியிருந்தும் ஊசியைக் கையில் எடுத்தவர்களில் பலர் சில நாட்களிலேயே அதைப் பெட்டிக்குள் போட்டுவிடுவதற்குக் காரணம், பெரும்பாலும் கைத்திறன் குறைவன்று, முதலில் எடுத்துக்கொண்ட பொருள் பொருந்தாமைதான். கண்ணைக் கவரும் பொம்மையையோ குழந்தைச் சட்டையையோ படத்தில் பார்த்து அதிலேயே தொடங்குபவர், பத்து வரிசை முடிந்த பின்னும் உருவம் தெரியாமல், எங்கே தவறினோம் என்பதும் விளங்காமல் சோர்ந்துபோகிறார். முதற்பொருள் தட்டையாக இருக்க வேண்டும். ஓரிரு மாலைப்பொழுதுகளில் முடிய வேண்டும். தவறு நேர்ந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிந்த மறுநாளே வீட்டில் பயன்பட வேண்டும்.

முதலில் எதைப் பின்னுவது என்ற கேள்வியைத் தருமபுரி மாவட்டத்தை முன்னிறுத்திப் பேசுவதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989ஆம் ஆண்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை முதன்முதலில் அமைத்தது இந்த மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்த பெரிய தருமபுரி அது. பெண்கள் கூடி உட்கார்ந்து சேமிக்கவும் தொழில் கற்கவும் பழகிய மண்ணில், குறைந்த முதலில் தொடங்கக்கூடிய ஒரு கைவேலையை எந்த வரிசையில் கற்பது என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

நூலிலிருந்து தொடங்குவது நல்லது. கடைகளில் உல்லன் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஆட்டுமயிரன்று, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. விலை மலிவு, நிறங்கள் பல, கையில் வழுக்காமல் ஓடும் என்பதெல்லாம் உண்மையே ஆயினும், அது நீரை உறிஞ்சாது, சூடு பட்டால் உருகும். ஆகவே அடுப்படிப் பொருள்களுக்கும், உடலில் படும் பொருள்களுக்கும், ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் இந்த ஊர்களுக்கும் பருத்தி நூலே தகும். மெல்லிய லேஸ் நூலாக இல்லாமல் சற்றுத் தடித்த பருத்தி நூலும், அதற்கேற்ற 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியும் தொடக்கத்துக்குப் போதும். நூல் வெளிர்நிறமாக இருப்பது மிக முக்கியம். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எது, இடைவெளி எது என்பது பழகிய கண்ணுக்கே எளிதில் புலப்படாது.

கற்க வேண்டிய கண்ணிகள் சிலவே. முதலில் போடும் ஓடுமுடிச்சிலிருந்து வளையத்துக்குள் வளையமாக இழுத்துச் செல்வது சங்கிலி. அச்சங்கிலியின் மேல் ஊசியைக் குத்தி நூலை இழுத்து, ஊசியில் உள்ள இரண்டு வளையங்களையும் ஒருசேர முடிப்பது குட்டைக் கண்ணி. குத்துவதற்கு முன்பே நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, பின்னர் இரண்டிரண்டு வளையங்களாக இருமுறை முடிப்பது நெட்டைக் கண்ணி. அவ்வாறு சுற்றியபின் மூன்று வளையங்களையும் ஒரே இழுப்பில் முடித்தால் இரண்டுக்கும் நடுத்தரமான உயரம் கிடைக்கும். காணொளிகளைப் பார்த்துக் கற்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் அதே குட்டைக் கண்ணியை ஆங்கிலேயர் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்கரின் டபுள், ஆங்கிலேயருக்கு டிரெபிள். ஒரு முறையில் எழுதிய குறிப்பை மற்றொரு முறையில் படித்துப் பின்னினால் பொருளின் அளவே மாறிவிடும் என்பதால், குறிப்பு எந்த நாட்டு வழக்கைச் சேர்ந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதற்பொருளாகக் கரித்துணியைச் சொல்லலாம். 31 சங்கிலி போட்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து குட்டைக் கண்ணிகளாக 30 பின்னி, திருப்பி, ஒரு சங்கிலி ஏற்றி, மீண்டும் 30 பின்னிக்கொண்டே போனால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான சதுரம் உருவாகும். அதுபோல் இரண்டு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் இணைத்தால், சூடான பாத்திரத்தை இறக்கத் தக்க தடிமன் கிடைக்கும். சதுரம் மேலே போகப்போகக் கோபுரம்போல் குறுகினால், வரிசையின் கடைசிக் கண்ணி விடுபட்டுப்போகிறது என்று பொருள். ஒவ்வொரு வரிசையையும் எண்ணி முடிப்பது ஒன்றே இதற்கு மருந்து.

இந்த எண்ணும் பழக்கம் தமிழ்ப் பெண்களுக்குப் புதிதன்று. புள்ளிக் கோலத்தில் புள்ளி ஒன்று பிசகினாலும் கோலம் கூடாது என்பதை வாசலில் கற்றவருக்கு, குரோஷா வட்டத்தின் கணக்கு உடனே பிடிபடும். காப்பி டம்ளர் வைக்கும் வட்ட விரிப்பை நடுவில் 6 குட்டைக் கண்ணிகளோடு தொடங்கினால், அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பிறகு 24 எனச் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிச் செல்ல வேண்டும். நெட்டைக் கண்ணியானால் 12இல் தொடங்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்ட வேண்டும். கூட்டுவது குறைந்தால் விரிப்பு கிண்ணமாகக் குவியும். மிகுந்தால் ஓரம் கொசுவமாக மடியும். இந்தக் கொசுவத்தைப் பிழையென்று தூக்கி எறியத் தோன்றும். ஆனால் 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், காகிதத்தில் காட்டக் கடினமாயிருந்த அதிபரவளையத் தளம் என்னும் வடிவத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னிக் காட்டினார். கற்பவர் கையில் தற்செயலாக வந்து விழும் மடிப்பு, வடிவியல் வகுப்பில் பாடமாக நிற்கும் மடிப்பே.

சதுரமும் வட்டமும் வந்தபின் அழகுக்காகப் பின்னத் தொடங்கலாம். மாந்தோப்புகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அதற்கு மாவிலைத் தோரணத்தைவிடப் பொருத்தமான ஒன்றைக் காட்டுவது அரிது. 15 சங்கிலி போட்டு, இரண்டாவது சங்கிலியில் நூலை இழுத்து நேராக வளையத்துக்குள் விட்டுவிடும் நழுவு கண்ணி ஒன்று, பிறகு குட்டை இரண்டு, நடுத்தரம் இரண்டு, நெட்டை நான்கு, நடுத்தரம் இரண்டு, குட்டை இரண்டு என்று ஏறி இறங்கி, கடைசிச் சங்கிலியில் மட்டும் மூன்று குட்டைக் கண்ணிகளைப் பின்னித் திரும்பி, சங்கிலியின் மறுபக்கத்திலும் அதே ஏற்ற இறக்கத்தைப் பின்னி முடித்தால், இருபுறமும் கூர்த்து நடுவில் அகன்ற இலை கிடைக்கும். தொடக்கச் சங்கிலி இலையின் நடுநரம்பாகத் தெரியும். நீண்ட சங்கிலிக் கயிறு ஒன்று பின்னிக்கொண்டே, பத்துச் சங்கிலிக்கு ஓர் இலையாகக் கோத்தால், ஏறக்குறைய 15 இலைகளில் ஒரு வாசலுக்குரிய தோரணம் முடிந்துவிடும். எல்லா உயரக் கண்ணிகளும் ஒரே இலைக்குள் பழகிவிடுவதும், ஓர் இலை கெட்டால் அதை மட்டும் பிரித்தால் போதும் என்பதும், பத்தாம் இலை முதல் இலையைவிட அழகாக இருப்பதைக் கண்ணெதிரே காண முடிவதும் இதன் சிறப்புகள். குழுவாகக் கற்பவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று இலை பின்னிச் சேர்த்தால் ஒரே நாளில் தோரணம் ஏறிவிடும்.

பல கைகள் தனித்தனியே பின்னியவற்றை ஒன்றாக இணைக்கும் இந்த முறையின் எல்லை எவ்வளவு தூரம் விரியக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர், தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளைச் சென்னையில் இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்து, உலகின் மிகப்பெரிய குரோஷாப் போர்வை என்ற கின்னஸ் சாதனையைப் பெற்றனர்.

நூல் வாங்கவே வேண்டாத பொருளும் ஒன்றுண்டு. பழைய பருத்திப் பனியனை இரண்டு விரல் அகலத்தில் அறுபடாத நாடாவாகச் சுற்றிச் சுற்றி வெட்டி, இழுத்துவிட்டால் அது தானே சுருண்டு தடித்த கயிறாகும். 9 அல்லது 10 மில்லிமீட்டர் ஊசியால் அதை வட்டமாகப் பின்னினால் கால்மிதியடி விரைவில் முடிந்துவிடும். திருப்பூரின் பனியன் கழிவும் இதற்கு உதவும்.

பொம்மைகளும் சட்டைகளும் காத்திருக்கட்டும். பொம்மைக்கு இறுக்கமான கண்ணியும் சுற்றுக்குச் சுற்றுக் கணக்கும் வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பொத்தான் கண் வைத்த பொம்மை ஆபத்தும்கூட. ஆனால் வருமானத்தை எண்ணிக் கற்பவர் அடுத்ததாக நோக்க வேண்டிய வேலை புடவை முந்திக்குக் குச்சு கட்டுவதுதான். மெல்லிய எஃகு ஊசியை முந்தியின் ஓரத்தில் குத்தி, பட்டு நூலால் வளைவுகளும் மணிகளும் கோத்துப் பின்னும் இவ்வேலைக்குத் திருமணக் காலங்களில் தேவை மிகுதி. பட்டுக்கூடு விற்பனைக்குப் பெயர்பெற்ற தருமபுரியில் பட்டின் அருமை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் வழுக்கும் பட்டு நூலிலும் விலையுயர்ந்த புடவையிலும் கை பழகக் கூடாது. கைக்குட்டை, துண்டு, தலையணை உறை ஆகியவற்றின் ஓரங்களில் பருத்தி நூலால் சில வாரம் பின்னியபின் புடவையைத் தொடுவதே முறை.

வருமானம் என்று வரும்போது, ஆந்திரத்தின் நரசாபூர் கற்றுத்தந்த பாடத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவச் சமயப் பணியாளர்கள் வழியே லேஸ் பின்னல் பரவிய அந்த ஊர், வெளிநாட்டு ஏற்றுமதியால் புகழ்பெற்றது. ஆனால் அங்கே ஆய்வு செய்து ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல், நாள் முழுதும் பின்னிய பெண்கள் தொழிலாளர் என்று எண்ணப்படாமல், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டு, மிகக் குறைந்த கூலியே பெற்றார்கள் என்பதை எடுத்துக்காட்டியது. உண்மையான குரோஷாவை வணிக அளவில் பின்னும் இயந்திரம் இன்றும் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் ஒருவருடைய விரல் இழுத்த கண்ணி. ஆகவே நூல் விலையோடு மணிக்கணக்கையும் எழுதிவைக்கும் பழக்கம், முதற் கரித்துணியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் குழுக்களுக்குக் கைவேலை கற்றுத்தருவோர், முதல் வகுப்பிலேயே பொம்மைப் படத்தைக் காட்டாமல், ஆளுக்கு ஒரு 4 மில்லிமீட்டர் ஊசியும் ஒரு வெளிர்நிறப் பருத்தி நூலுருண்டையும் கொடுத்து, 31 சங்கிலியில் தொடங்கிவைக்க வேண்டும்.