ஆயிரம் ரூபாய் வந்த வழி

தேர்தல் நெருங்கினால் கண்டி மாவட்டத்தின் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களுக்கு வரும் மேடைப் பேச்சில் ‘மாற்றம்’ ஒரு தொகையாகத்தான் வந்து இறங்கும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்றார். சஜித் பிரேமதாச 1,500 என்றார். 2024இல் பேச்சு 1,700ஐச் சுற்றியே ஓடியது. அந்தத் தொகை மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் என்னவாகிறது என்று சொல்லத்தான் எவரும் மேடை போடுவதில்லை.

ஆயிரம் ரூபாயின் கதை 2019க்கும் முந்தியது. 2016 ஒக்டோபரில் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30, ஆக 730. அடிப்படையே ஆயிரமாக வேண்டும் என்று 2018இல் மலையகம் தெருவில் இறங்கியது. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது. ஆனால் வரவுக்கும் உற்பத்திக்கும் கிடைத்த கொடுப்பனவுகள் கழன்றுபோயின. விலைப் பங்கு 50ஐச் சேர்த்தால் மொத்தம் 750. அடிப்படை உயர்ந்ததால் ஊழியர் சேமலாப நிதிக்கு நல்லது. பழைய கொடுப்பனவு முழுவதையும் வாங்கிவந்தவருக்கோ நாளொன்றுக்குக் கூடியது 20 ரூபாய்.

கோட்டாபய வென்றார். 2020 மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஆயிரம் என்று ஜனவரியிலேயே அறிவிப்பும் வந்தது. மார்ச் வந்தது, ஆயிரம் வரவில்லை. சம்பளத்தைக் கொடுக்க வேண்டியவை பெருந்தோட்டக் கம்பெனிகள், அவை இணங்கவில்லை. கடைசியில் சம்பள நிர்ணய சபை வழியாக 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது: அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. கம்பெனிகள் நீதிமன்றத்தை நாடின. கூட்டு ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. வாக்குப் போட்டு பதினாறு மாதம் கழித்துக் கைக்கு வந்த அந்த ஆயிரம், அன்றைய நாணய மாற்றில் ஏறக்குறைய ஐந்து டொலர். அடுத்த ஆண்டு நெருக்கடியில் அதுவே மூன்று டொலருக்கும் கீழே போனது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

விலைவாசி தின்றது ஒரு பங்கு என்றால், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு தின்றது இன்னொரு பங்கு.

தோட்டத்தில் நாட்சம்பளம் என்பது பொழுதுக்குக் கிடைப்பதல்ல, ‘பேருக்கு’க் கிடைப்பது. காலையில் பெயர் எடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன கிலோ கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். சில தோட்டங்களில் கிலோக் கணக்குத்தான். ஆயிரம் ரூபாய் வந்த பிறகு, 16, 18 என்றிருந்த கிலோ 20ஐத் தாண்டிவிட்டது, வேலை நாளும் குறைந்துவிட்டது என்று தோட்டம் தோட்டமாக முறைப்பாடு எழுந்தது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: 750 ரூபாய்க்கு 20 பேர் போட்டால் மாதம் 15,000. ஆயிரம் ரூபாய்க்கு 14 பேர் மட்டும் விழுந்தால் 14,000. சம்பளம் கூடியது, வருமானம் குறைந்தது. எத்தனை நாள், எத்தனை கிலோ என்ற இரண்டும் எந்த மேடையிலும் வாக்குறுதியாக வந்ததில்லை.

2024லும் இதே பாதைதான். அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார். வர்த்தமானியில் அது 1,350 அடிப்படை, 350 கொடுப்பனவு. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். அதற்குச் சில நாள் முந்திய புதிய வர்த்தமானியில் மிஞ்சியது 1,350. அடுத்து வந்த பொதுத் தேர்தலில் கண்டி மாவட்டத்தின் 12 ஆசனங்களில் 9 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. 1,700ஆக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்திலும் பேச்சு வந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில்தான் அதற்கு உருவம் கிடைத்தது: அடிப்படை 1,550, அரசு தன் செலவில் தரும் வரவு ஊக்கத்தொகை 200, ஆக 1,750.

முன்னைய வாக்குறுதிகளிலிருந்து இதை வேறுபடுத்துவது அந்த 200தான். கம்பெனியின் பணத்தை அள்ளிக் கொடுப்பதாக மேடையில் சொல்வது எளிது. திறைசேரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குக் கணக்குத் தலைப்பு வேண்டும். ஆனால் வேலைக்கு வந்தால்தான் வரவுக் காசு. தோட்டமே பெரட்டில் பெயர் எடுக்காத நாளில் அந்த 200ம் இல்லை.

கண்டிக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இந்த மலைகளில், ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம், எல்கடுவ பிளான்டேஷன்ஸ் என்று அரசு கையில் உள்ள தோட்டங்கள் அதிகம். இங்கே வாக்குறுதி கொடுப்பவரும் சம்பளம் கொடுப்பவரும் ஒருவரே. ‘கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற சாட்டு செல்லாது. இருந்தும், தொழிலாளியின் 8 சதவீதத்தோடு தொழில்தருநர் 12 சதவீதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டிய சேமலாப நிதி, அரச தோட்டங்களில்தான் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், நிலுவை நின்றது.

காணிக் கதையும் அப்படியே. 2015க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் என்றார்கள், பின்பு பத்து என்றார்கள். 2017 மே மாதம் மலையகம் வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்றார். அதற்கு அடிக்கல் வைக்க 2024 ஆனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது கண்டி மாவட்டத்தின் சரிவுகளில் இன்னும் பழைய லயங்களே நின்றன. மண் சரிந்த பிறகு, பாதுகாப்பான இடத்தில் காணி என்ற பேச்சு மறுபடி தொடங்கியது.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் ஒரு புதிய எண்ணோடு வேட்பாளர்கள் வருவார்கள். மாதத்துக்கு எத்தனை பேர் நிச்சயம், ஒரு பேருக்கு எத்தனை கிலோ, அரச தோட்டத்துச் சேமலாப நிலுவைக்கு எந்தத் திகதி, உறுதிப்பத்திரத்தில் எழுதும் காணி எந்த மலையில்? இந்த நான்கையும் மேடையிலேயே கேட்டு எழுதி வாங்குவதற்குத் தொழிற்சங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.