வேலையிலிருந்து தூக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளி ஒரு கட்சியையே தொடங்கிய கதை: யார் இந்த கியர் ஹார்டி?

2024-ல் பிரிட்டன் பிரதமரான கியர் ஸ்டார்மரின் பெயரில் இருக்கும் 'கியர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? லேபர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கியர் ஹார்டியின் நினைவாக வைத்தது என்கிறார்கள். சரி, அந்த ஹார்டி யார்?

1856-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் பிறந்தவர். அம்மா பண்ணை வேலைக்காரர். பள்ளிக்கூடமெல்லாம் பெரிதாகக் கிடையாது. 10 வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். உள்ளே காற்று போய்வரும் கதவைத் திறந்து மூடுவதுதான் வேலை. நாள் முழுக்க இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கணும். வாசிக்க அம்மா சொல்லிக்கொடுத்தார். சுருக்கெழுத்தை, விளக்குப் புகையில் கருப்பாக்கிய கல்லில் கீறிக் கீறித் தானே பழகினார்.

கூலிப் பிரச்சினைக்காக சக தொழிலாளர்களைத் திரட்டியதும் நிர்வாகம் அவரையும் தம்பிகளையும் வெளியே அனுப்பியது. அதோடு விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுரங்கமும் வேலை தராதபடி பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். விளைவு? முழுநேர சங்க வேலை, பிழைப்புக்குப் பத்திரிகை எழுத்து. 1886-ல் அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஆனார்.

சங்கம் இருக்கும்போது கட்சி எதற்கு?

அன்று தொழிலாளர்கள் பெரும்பாலும் லிபரல் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். 1888 மிட் லனார்க் இடைத்தேர்தலில் ஹார்டிக்கு லிபரல்கள் சீட் தரவில்லை. தனியாக நின்றார். கிடைத்தது 617 ஓட்டு, கடைசி இடம். 'இவங்க நமக்கு இடம் தர மாட்டாங்க' என்ற முடிவுக்கு வந்தது அங்கேதான்.

1892-ல் லண்டன் பக்கம் வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியில் ஜெயித்தார். எம்.பி.க்கள் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக வந்த சபைக்கு, இவர் சாதாரண ட்வீட் சூட்டும் துணித் தொப்பியுமாகப் போனார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அப்போது எம்.பி.க்குச் சம்பளமே கிடையாது, அது 1911-ல்தான் வந்தது. கூலி வேலை செய்கிறவர் எம்.பி. ஆவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

1894 ஜூன் 23 அன்று வேல்ஸில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. சபை குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. இறந்தவர்களுக்கும் அதில் ஒரு வரி இரங்கல் சேருங்கள் என்றார் ஹார்டி. மறுத்துவிட்டார்கள். அவர் எழுந்து அரச குடும்பத்தைக் கடுமையாக விமர்சிக்க, சபையே கத்தித் தீர்த்தது. இந்தக் குழந்தை வளர்ந்ததும் உலகம் சுற்ற அனுப்புவார்கள், பொருந்தாத திருமணம் பற்றி வதந்தி கிளம்பும், கடைசியில் பில் நாட்டின் தலையில் விழும் என்றார். அந்தக் குழந்தைதான் 1936-ல் காதல் திருமணத்துக்காக முடி துறந்த எட்டாம் எட்வர்ட். அடுத்த வருஷம் ஹார்டி சீட்டை இழந்தார்.

திருப்பம் எப்போது?

1900-ல் சங்கங்களும் சோஷலிஸ்ட்டுகளும் சேர்ந்து தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தார்கள். அதே ஆண்டு ஹார்டி வேல்ஸின் மெர்தர் தொகுதியிலிருந்து மறுபடி சபைக்கு வந்தார். ஆனாலும் பல சங்கங்கள் குழுவில் சேரத் தயங்கின. 1901-ல் டாஃப் வேல் வழக்கில், ஸ்டிரைக்கால் ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. ரயில்வே சங்கம் 23,000 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. ஸ்டிரைக் செய்தால் சங்கத்தின் கஜானாவே காலி! சட்டத்தை மாற்ற பார்லிமென்டில் ஆள் வேணும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. 1906-ல் 29 பேர் ஜெயித்தார்கள், குழு 'லேபர் கட்சி' ஆனது, அந்த வருஷமே சட்டமும் மாறியது. ஹார்டி ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானார். உண்மையைச் சொன்னால், கட்சியை மேய்ப்பது அவருக்குக் கைவந்த கலை இல்லை. 1908-ல் விலகிவிட்டார்.

இடையில் 1907-ல் இந்தியா வந்தார். கனடாவுக்கு இருப்பதுபோன்ற சுயாட்சி இந்தியாவுக்கும் வேண்டும் என்று பேச, லண்டன் பத்திரிகைகள் கொதித்தன.

1914-ல் போர் வந்தது. எதிர்த்தார். அவரது தொகுதிக்குள்ளேயே, அபர்டேரில், கூச்சல் போட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். 1915 செப்டம்பரில் கிளாஸ்கோவில் இறந்தார். காலியான சீட்டுக்கு இடைத்தேர்தல் நடந்தது. லேபரின் அதிகாரப்பூர்வ வேட்பாளரைத் தோற்கடித்து ஜெயித்தவர், போரை ஆதரித்த சார்லஸ் ஸ்டான்டன். அவரும் ஒரு பழைய சுரங்கச் சங்கத் தலைவர்தான்.