வேண்டுதலும் விடையும்



தேர்வுக்குச் செல்லும் வழியில் தேவாலயத்துள் புகுந்து, முழந்தாளிட்டுச் செபித்துவிட்டுச் செல்லும் மாணவரை நம்மிற் பலர் கண்டிருப்போம். தேறிவிட்டால், "கடவுள் கேட்டருளினார்" என்று மகிழ்கிறார்கள். தவறிவிட்டால் என்ன சொல்வது? அவர் கேட்கவில்லை என்பதா? கேட்பவர் எவருமே இல்லை என்பதா? இளமையில் எழும் இவ்வினா சிலருடைய நம்பிக்கையையே அசைத்துவிடுகிறது. ஆதலின், இதனை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நலம் என்று கருதுகிறேன்.

செபத்தின் பயனை அளந்து காண அறிஞர் முயன்றதுண்டு. 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கணக்கெடுத்தார். அந்நாட்டுத் தேவாலயங்களில் அரச குடும்பத்தின் நலத்துக்காக இடைவிடாது செபம் நிகழ்ந்துவந்தது. செபம் ஆயுளை வளர்க்குமாயின், அக்குடும்பத்தார் அன்றோ நெடுநாள் வாழ்ந்திருக்க வேண்டும்? கணக்கு வேறு விதமாக அமைந்தது. 30 வயதைக் கடந்தோரில் அரச குடும்பத்தாரின் சராசரி வாழ்நாள் 64 ஆண்டு. நிலக்கிழார்களுக்கோ 70 ஆண்டு.

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. இருதய அறுவை மருத்துவம் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினருக்காகச் செபக் குழுக்கள் வேண்டின. இரண்டாம் பிரிவினருக்காக வேண்டவில்லை. தாம் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதை இவ்விரு திறத்தாரும் அறியார். மூன்றாம் பிரிவினருக்காக வேண்டியதோடு, அதனை அவர்களுக்குத் தெரிவித்தும் இருந்தனர். முதற் பிரிவில் நூற்றுக்கு 52 பேருக்கும், இரண்டாவதில் 51 பேருக்கும், மூன்றாவதில் 59 பேருக்கும் அறுவைக்குப்பின் சிக்கல்கள் தோன்றின.

நோயாளிகளின் உற்றார் தம் இல்லங்களில் செய்த செபத்தை எவரும் தடுத்திருக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், இம்முடிவுகளை மழுப்புவது முறையன்று. இவ்வளவு வேண்டினால் இவ்வளவு குணம் கிட்டும் என்று செபத்தை ஒரு மருந்துபோல் எண்ணுவோருக்கு இவை தக்க மறுப்பாகும்.

ஆனால், கிறிஸ்தவ மறை செபத்தை மருந்தாகக் கருதவில்லை. மைந்தன் தந்தையோடு பேசும் பேச்சாகவே அதனைக் கருதுகிறது. பொறியை முடுக்குவது வேறு, தந்தையைக் கேட்பது வேறு. தந்தைக்கு மறுக்கும் உரிமையும் உண்டன்றோ? நிறைவேறாத வேண்டுதல்களை விவிலியமே ஒளிக்காமல் கூறுகிறது. முள் என்று தாம் குறிப்பிட்ட ஒரு துன்பம் நீங்கவேண்டுமெனப் பவுல் அடிகள் மும்முறை மன்றாடினார். துன்பம் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் அருளே அவருக்கு உறுதி கூறப்பட்டது. கெத்சமனேத் தோட்டத்தில் இயேசுபெருமானும், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று கேட்டார். எனினும் தந்தையின் விருப்பமே நிறைவேறுக என்றார். கிண்ணம் அகலவில்லை, சிலுவையே வந்தது.

வரலாற்றிலிருந்தும் ஒன்று கூறுவேன். கி.பி. 383-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், மகன் அகுஸ்தீன் உரோமைக்குச் செல்லலாகாது என்று தாய் மோனிக்கா துறைமுகத்தருகே ஒரு சிற்றாலயத்தில் இரவெல்லாம் அழுது வேண்டினார். மகனோ அவ்விரவிலேயே சொல்லாமற் கப்பலேறிவிட்டார். ஆனால் இத்தாலி சென்ற அவர், மிலான் நகர ஆயர் அம்புரோசின் உரைகளால் கவரப்பெற்று, 387-இல் திருமுழுக்குப் பெற்றார். மகன் கிறிஸ்தவனாக வேண்டும் என்பதன்றோ அத்தாயின் நெடுநாளைய வேண்டுதல்! அன்றிரவு கேட்டதை மறுத்து, என்றும் கேட்டதைக் கடவுள் அளித்தார் என்று அகுஸ்தீனே பின்னர் விளக்கம் கண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அது தம் வாழ்வைத் திரும்பி நோக்கிய ஒருவர் தாமே கண்ட பொருள். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று, "எல்லாம் நன்மைக்கே" என்று அதே பொருளை நாம் ஓதுவோமாயின், அது ஆறுதலாகாது, கொடுமையாகும். எல்லாருக்கும் மோனிக்காவைப்போல் விளக்கம் தரும் முடிவு வாய்ப்பதில்லை. அத்தகைய இடத்தில், உடன் அமர்ந்து அழுவதே அன்பு.

ஆகவே, கிடைத்தவற்றை மட்டும் எண்ணி, "கடவுள் செவிசாய்க்கிறார்" என்று நிறுவ முடியாது. கிடைக்காதவற்றை மட்டும் எண்ணி, "அவர் இல்லை" என்று முடிப்பதும் பொருந்தாது. அவர் கேட்கிறார் என்பது நம்பிக்கை, கணக்கின் விடையன்று. ஆனால் நம்பிக்கையுடையார் செபத்தால் என்ன ஆகிறார் என்பதை நாம் காணலாம். கெத்சமனேயில் வேண்டியவர் அத்தோட்டத்திலிருந்து ஓடவில்லை. எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டார். தேர்வுக்குமுன் செபிக்கும் மாணவரே, படித்த பின்னர்ச் செபியுங்கள். மதிப்பெண்ணை மட்டுமன்று, எம்முடிவையும் ஏற்று மீண்டும் முயலும் மனத்திண்மையையும் கேளுங்கள்.